பள்ளிக்குப் போன பிள்ளை எந்தக் காகிதத்தில் காணாமல் போகிறது?

கேள்வி இதுதான்: "கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சேர்த்த உறைவிடப் பள்ளிகள் அரசுப் பணத்தில்தானே நடந்தன? அரசு என்றால் ஃபைல் இருக்கும். ஃபைலைப் புரட்டினால் யார் இறந்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று தெரிந்துவிடுமே. இத்தனை வருடமாக ஏன் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்? ரேடாரில் கல்லறைகள் தெரிந்தன என்றார்களே, அது என்ன ஆயிற்று?"

நியாயமான கேள்வி. முதல்முறை மைக்ரோஃபிலிம் சுருளை மாட்டி உட்கார்ந்தபோது நானும் இப்படித்தான் நினைத்தேன். ஃபைல் இருக்கிறது, லட்சக்கணக்கான பக்கங்களுக்கு இருக்கிறது. ஆனால் பிள்ளைகளைக் கண்காணிப்பதற்காக யாரும் அதை எழுதவில்லை. அதில் பெரும்பகுதி கணக்கு வழக்கு. பச்சையாகச் சொன்னால், பில்.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1880களில் தொடங்கி 1990களின் பிற்பகுதி வரை சுமார் 1,50,000 பிள்ளைகள் இந்தப் பள்ளிகளுக்குப் போனார்கள். பணம் கொடுத்தது ஒட்டாவாவில் இருக்கும் கனடாவின் மத்திய அரசு. நடத்தியது கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஐக்கிய, பிரஸ்பிடேரியன் சபைகள். பள்ளியில் படித்தவர்கள் தொடர்ந்த வழக்குகள் 2007இல் ஒரு பெரிய தீர்வு ஒப்பந்தத்தில் முடிந்தன. அதில் 139 பள்ளிகள் பட்டியலிடப்பட்டன. அந்த ஒப்பந்தத்திலிருந்து பிறந்ததுதான் முரே சின்க்ளேர் தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. 2015 டிசம்பரில் வந்த அதன் இறுதி அறிக்கையில் ஒரு தொகுதி முழுக்கக் காணாமல்போன பிள்ளைகளையும் அடையாளமற்ற கல்லறைகளையும் பற்றியது.

சரி, பில் விஷயத்துக்கு வருவோம். 1892இலிருந்து அரசு இந்தப் பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்தது. பிள்ளை இருந்தால் பணம், இல்லையென்றால் இல்லை. அதனால் பள்ளி முதல்வர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒட்டாவாவுக்கு ஓர் அறிக்கை அனுப்புவார்: பிள்ளையின் எண், பெயர், வயது, எத்தனை நாள் வருகை. நமக்கு இன்று கிடைக்கும் மிக முக்கியமான காகிதம் இதுதான். ஒரு பெயர் மார்ச் காலாண்டில் இருக்கும், ஜூன் காலாண்டில் இருக்காது. ஏன் இல்லை என்று சொல்ல வேண்டிய கட்டாயம் முதல்வருக்குப் பெரிதாக இல்லை. 'நீக்கப்பட்டது' என்று ஒரு சொல் இருந்தால் அதிர்ஷ்டம். அந்தச் சொல்லுக்குள் வீட்டுக்குப் போனது, வேறு பள்ளிக்கு மாற்றியது, மருத்துவமனைக்கு அனுப்பியது, ஓடிப்போனது, செத்துப்போனது என்று எல்லாம் அடங்கும்.

இதே மானிய முறைதான் இன்னொரு கேட்டுக்கும் காரணம். தலை எண்ணிக்கை குறைந்தால் வருமானம் குறையும் என்பதால், காசநோய் இருப்பது தெரிந்தும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆள் நெருக்கமான படுக்கை அறை, காற்றோட்டம் இல்லை, நல்ல சாப்பாடு இல்லை. காரணம் பதிவான மரணங்களில் ஏறக்குறையப் பாதி காசநோயால்தான்.

இது அப்போது யாருக்கும் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். இந்திய விவகாரத் துறைக்கு (பூர்வகுடிகளை அப்போது 'இந்தியர்' என்றே அரசு குறிப்பிட்டது) 1904இல் தலைமை மருத்துவ அதிகாரியாக வந்த பீட்டர் பிரைஸ், 1907இல் மேற்குச் சமவெளியில் உள்ள பள்ளிகளைப் பார்வையிட்டு ஓர் அறிக்கை கொடுத்தார். பள்ளி முதல்வர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, சேர்ந்த பிள்ளைகள் இப்போது என்ன ஆனார்கள் என்று கேட்டிருந்தார். 15 பள்ளிகளிலிருந்து வந்த பதில்களின்படி 1,537 பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் உயிரோடு இல்லை. சஸ்காட்செவனில் ஃபைல் ஹில்ஸ் என்ற பள்ளியில் மட்டும் 69 சதவீதம். இது ரகசியமாகவும் இருக்கவில்லை, அந்த வருடமே ஒட்டாவா நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தில் வந்தது. பிரைஸ் ஓரங்கட்டப்பட்டார். ஓய்வுக்குப் பின் 1922இல் சொந்தமாக ஒரு சிறுநூல் போட்டு, நடந்தது தேசியக் குற்றம் என்று எழுதினார். அந்தக் காலத்தில் துறையை நடத்திய டங்கன் கேம்பல் ஸ்காட்டும் பிரைஸும் இன்று ஒட்டாவாவில் ஒரே கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பெயர் பொறித்த கல் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிரைஸ் கேட்ட கேள்வி எவ்வளவு எளியது பாருங்கள்: "சேர்ந்த பிள்ளைகள் எங்கே?" இன்று ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பதும் அதே கேள்விதான். என்ன வித்தியாசம் என்றால், பதில் சொல்ல வேண்டிய முதல்வர்கள் இப்போது இல்லை, காகிதத்திடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு சிறுமியைத் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தில் ஒரு பாட்டி, "என் அக்கா பள்ளிக்குப் போனாள், திரும்பவில்லை" என்கிறார். கையில் இருப்பது வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று. முதல் சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது. பள்ளியில் அந்தப் பெயர் இருக்காது. ஞானஸ்நானப் பெயர் ஒன்று வைத்திருப்பார்கள், கூடவே ஓர் எண். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத சமூகத்தில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்குவார்கள், அல்லது அப்பாவுக்குக் கிரீ என்ற பூர்வகுடி மொழியில் இருந்த பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போடுவார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் காதில் விழுந்ததை ஒரு மாதிரி எழுதுவார், ஆங்கிலேய அரசு முகவர் வேறு மாதிரி எழுதுவார். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு இரண்டு குடும்பப் பெயர் இருப்பதெல்லாம் சகஜம். நம்மூரில் 'சுப்ரமணியன்' என்ற பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறோம் என்று யோசித்தால் இந்தத் தலைவலி கொஞ்சம் புரியும். அங்கே அதற்கு மேல், மொழி தெரியாதவர் எழுதிய கையெழுத்து.

பிறகு சேர்க்கை விண்ணப்பம். அப்பா பெயர், எந்தச் சமூகம், உடல்நிலை பற்றி மருத்துவர் குறிப்பு. அது கிடைத்தால் காலாண்டு அறிக்கைகளில் அவளை வருடா வருடம் பின்தொடரலாம். எந்தக் காலாண்டில் மறைகிறாள் என்று பிடித்ததும், வேறு பக்கத்திலிருந்து வர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் இங்கேதான் வருகிறது: ஒப்பந்தப் பணப் பட்டியல். நிலத்தை ஒப்படைத்த உடன்படிக்கைகளின்படி அரசு வருடத்துக்கு ஒருமுறை தலைக்கு 5 டாலர் கொடுத்து வந்தது. குடும்பத் தலைவர் பெயருக்கு நேரே ஆண், பெண், பையன்கள், பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிக்கை இருக்கும். போன வருடம் இரண்டு பெண்பிள்ளைகள், இந்த வருடம் ஒன்று. ஓரத்துக் குறிப்பில் 'ஒரு பெண் இறப்பு' என்று மூன்று சொல். அவள் செத்துப்போனதைப் பள்ளி மறந்திருக்கலாம், 5 டாலரை நிறுத்த வேண்டிய குமாஸ்தா மறக்கவில்லை. அரசின் கஞ்சத்தனம் ஆராய்ச்சியாளருக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

அதற்கு அப்புறம் மாகாண அரசின் இறப்புப் பதிவு, கொரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) விசாரணைக் கோப்பு, கணக்கெடுப்புத் தாள்கள், பங்குக் கோவிலின் அடக்கப் பதிவேடு. பிள்ளை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டிருந்தால் பாதை இன்னும் நீளும். எட்மன்டனில் இருந்த சார்ல்ஸ் கேம்ஸல் போன்ற 'இந்தியர் மருத்துவமனை'களுக்கும் காசநோய்ச் சானடோரியங்களுக்கும் பிள்ளைகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். அங்கே இறந்த பிள்ளை பள்ளிக் கணக்கில் மரணமாக வராது, சொந்த ஊர்க் கணக்கிலும் வராது. ஆர்க்டிக் பகுதி இனுயிட் குடும்பங்களுக்கு நடந்தது இதுதான். அவர்களுக்காகத் தனியாக 'நானிலாவுட்' என்று ஒரு தேடல் திட்டம் இருக்கிறது. அவர்கள் மொழியில் 'அவர்களைக் கண்டுபிடிப்போம்' என்று பொருள்.

ஒரு பெயருக்கு இவ்வளவு காகிதம். அதுவும் எல்லாம் கிடைத்தால்.

கிடைக்காததற்கு முதல் காரணம், அரசே அழித்துவிட்டது. 1933இன் ஒரு விதிப்படி பள்ளி அறிக்கைகளை 5 வருடத்திலும் விபத்து அறிக்கைகளை 10 வருடத்திலும் அழிக்கலாம். அப்படி 15 டன் காகிதம் போயிற்று. 1936க்கும் 1944க்கும் நடுவில் மட்டும் இந்திய விவகாரத் துறையின் 2,00,000 ஃபைல்கள் அழிந்தன. இதில் சதி இருந்தது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த அளவுக்குப் போகத் தோன்றவில்லை. இடம் இல்லை என்று குப்பையைக் கழித்த அலுவலகப் புத்திதான் தெரிகிறது. ஒரு விதத்தில் அது இன்னும் மோசம்: பிள்ளைகள் இறந்த விபத்து அறிக்கையும் அவர்களுக்குப் பத்து வருடப் பழைய பேப்பர்தான்.

இரண்டாவது, எழுதவே இல்லை. ஒரு பிள்ளை இறந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எப்படி விசாரிக்க வேண்டும் என்று துறை முறையாக ஒரு விதி போட்டதே 1935இல்தான். பள்ளிகள் ஆரம்பித்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு! அதற்கு முன் பல முதல்வர்கள் ஆண்டறிக்கையில் "இந்த ஆண்டு இத்தனை பேர் இறந்தார்கள்" என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டார்கள். அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவர்கள் யார் என்பது பல இடங்களில் வேறெந்தக் காகிதத்திலும் இல்லை. ஆணைக்குழு தொகுத்த சுமார் 3,200 மரணங்களில் 32 சதவீதத்துக்குப் பெயரே கிடையாது. 23 சதவீதத்துக்கு ஆணா பெண்ணா என்று கிடையாது. 49 சதவீதத்துக்கு எப்படி இறந்தார்கள் என்று கிடையாது. இந்தப் புள்ளிவிவரத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன், நடுவில் உள்ளதுதான் ஒவ்வொரு முறையும் இடறுகிறது. பையனா பெண்ணா என்றுகூட எழுதவில்லை.

மூன்றாவது, சபைகளின் கையில் இருப்பவை. கத்தோலிக்கப் பள்ளிகளில் 48ஐ நடத்தியது அமலமரித் தியாகிகள் சபை. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, 1847இல் இலங்கைக்கு வந்து அங்கே பங்குகளும் கல்லூரியும் நடத்திய அதே சபைதான். இவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு மிஷன் வீட்டிலும் தினக்குறிப்பு எழுதுவார்கள், 'கோடெக்ஸ் ஹிஸ்டோரிகஸ்' என்று அதற்குப் பெயர். இன்று பனி, விறகு வந்தது, ஆயர் வந்தார், காய்ச்சலில் கிடந்த சிறுவன் விடியற்காலையில் இறந்தான், மாலையில் அடக்கம். ஒட்டாவாவுக்குப் போன அறிக்கையில் இல்லாத மரணம் இதில் அகப்படலாம். ஆனால் பிரெஞ்சில், கையெழுத்தில், பல ஊர்க் காப்பகங்களில் சிதறிக் கிடக்கிறது. 2021இல் பெரும் அழுத்தத்துக்குப் பிறகுதான் சபை எல்லாவற்றையும் திறப்பதாகச் சொன்னது. 2022இல் வின்னிபெக்கில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத் தேசிய மையத்தின் காப்பாளர் ரோம் வரை போய்த் தலைமையகத்தில் இருப்பதைப் பார்த்து வந்தார்.

அரசும் தானாக முன்வந்து கொடுத்துவிடவில்லை. தேசியக் காப்பகத்தில் உள்ளதைத் தேடித் தர வேண்டியது யார் பொறுப்பு என்று ஆணைக்குழுவே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2013இல் ஒன்டாரியோ நீதிமன்றம் அரசின் பொறுப்பு என்று சொன்னது. அதற்கு முன்பு, 2009இல், காணாமல்போன பிள்ளைகள் ஆய்வுக்காக ஆணைக்குழு 15 லட்சம் டாலர் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உடல்களை ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்றும் நீங்கள் கேட்கலாம். செலவு. ரயில் கட்டணம் தர துறை பொதுவாக ஒப்புக்கொள்ளவில்லை. பெற்றோருக்கு நூற்றுக்கணக்கான மைல் போய்க் கொண்டுவரும் வசதி இல்லை. பல நேரம் செய்தியே போய்ச் சேரவில்லை. அதனால் பள்ளிக்குப் பக்கத்திலேயே புதைத்து மரச்சிலுவை நட்டார்கள். மரம் இருபது முப்பது வருடத்தில் மக்கிவிடும். பள்ளி மூடியதும் நிலம் கைமாறிற்று.

இப்போது ரேடார். 2021 மே மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸில் செக்வெபெம் சமூகத்தினர், பழைய பள்ளி வளாகத்தில் நிலத்தடி ரேடார் 215 இடங்களைக் காட்டியதாக அறிவித்தார்கள். பிறகு ஆய்வாளர் அதை 200 என்று திருத்தினார். ஜூனில் சஸ்காட்செவனின் கவசெஸ் சமூகம் மேரிவல் பள்ளிக்கு அருகே உள்ள கல்லறை நிலத்தில் 751 என்றது. உலகப் பத்திரிகைகள் சில 'கூட்டுப் புதைகுழி' என்று தலைப்புப் போட்டன. அது தவறு. சமூகத்தினர் சொன்னது அடையாளம் இல்லாத தனிக் கல்லறைகள் என்று. ரேடார் எலும்பைக் காட்டாது. மண் எங்கே கிளறப்பட்டிருக்கிறது என்று மட்டும் காட்டும். கல்லறையாகவும் இருக்கலாம், மரவேராகவும் இருக்கலாம், பழைய சாக்கடைக் குழியாகவும் இருக்கலாம். 2023இல் மானிடோபாவின் பைன் கிரீக்கில் தேவாலய நிலவறையின் கீழ் காட்டிய 14 இடங்களைத் தோண்டியபோது மனித எச்சம் எதுவும் இல்லை. அந்தச் சமூகமே அதைப் பகிரங்கமாகச் சொல்லிற்று. அதே வருடம் ஜனவரியில் சஸ்காட்செவனின் லெப்ரெட்டில் பழைய பள்ளி நிலத்தில் ஒரு குழந்தையின் தாடை எலும்புத் துண்டு கிடைத்தது, சுமார் 125 வருடம் பழையது.

இதை வைத்து "பார்த்தீர்களா, எல்லாம் கட்டுக்கதை" என்று கிளம்பிய ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் வசதியாக விட்டுவிடுவது காகிதத்தை. ஆணைக்குழுவின் 3,200 என்ற எண் ரேடார் வருவதற்கு ஆறு வருடம் முன்பே வந்தது. அதற்கும் ரேடாருக்கும் சம்பந்தமே இல்லை. அரசும் சபைகளும் தங்கள் கையால் எழுதியவற்றிலிருந்து கூட்டிய எண் அது. தேசிய மையத்தின் நினைவுப் பதிவேட்டில் இன்று 4,100க்கும் மேல் இருக்கிறது. மொத்தம் 6,000ஐத் தாண்டலாம் என்று 2015லேயே சின்க்ளேர் சொல்லியிருந்தார். இந்தக் கணக்கில் வீட்டுக்கு அனுப்பிய ஒரு வருடத்துக்குள் இறந்தவர்களும் சேர்த்தி. சாகும் நிலையில் உள்ள பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பள்ளிக் கணக்கு சுத்தமாக இருக்கும் என்பதால் அப்படிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

தோண்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அது அந்தந்தச் சமூகத்தின் முடிவு. ஒரே பள்ளிக்குப் பல சமூகங்களிலிருந்து பிள்ளைகள் வந்திருப்பார்கள், எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். சிலர் பிள்ளைகளைக் கிளற வேண்டாம் என்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து அவசரப்படுத்த நமக்கு உரிமை இல்லை என்பது என் எண்ணம்.

2022இல் இந்த விஷயத்துக்கென்றே அரசு நியமித்த சிறப்பு அதிகாரி கிம்பர்லி மரே, மோஹாக் இனத்தவர், வழக்கறிஞர். 2024 அக்டோபரில் கொடுத்த இறுதி அறிக்கையில், 'காணாமல்போன' பிள்ளைகள் என்ற சொல்லே போதாது என்றார். சர்வதேசச் சட்டத்தில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது என்பது அவர் வாதம். ஆங்கிலத்தில் அந்தச் சட்டச் சொல்லைப் பொதுமக்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. தமிழில் வேண்டியதில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதினால் கிளிநொச்சியில் படலையடியில் நிற்கும் அம்மாவுக்குக்கூடப் புரியும்.

தேடுபவர்களுக்குள்ளேயே தீராத ஒரு சச்சரவும் இருக்கிறது. தீர்வு ஒப்பந்தத்தின்படி, பள்ளியில் தங்களுக்கு நடந்த கொடுமைகளுக்கு இழப்பீடு கேட்டு சுமார் 38,000 பேர் மனுக் கொடுத்தார்கள். ரகசியம் என்று உறுதி சொல்லித்தான் அந்தச் சாட்சியங்களை வாங்கினார்கள். 15 வருடம் வைத்திருந்து, அவரவர் பாதுகாக்கச் சொன்னால் ஒழிய அழித்துவிட வேண்டும் என்பதை 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தத் தாள்களில் யாராவது "என் பக்கத்துப் படுக்கைக்காரன் ஒரு நாள் இல்லை" என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு வரி வேறு எங்கேயும் இல்லாமல் இருக்கலாம். ஆவணக்காரனாக அழிப்பது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் வெளியே வராது என்ற நம்பிக்கையில் தன் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததைச் சொன்னவருடைய காகிதம் அது. நீதிமன்றம் சொன்னது சரிதான் என்றே நினைக்கிறேன்.

காகிதமும் ரேடாரும் சேர்ந்து ஒழுங்காக வேலை செய்த இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மானிடோபாவின் பிராண்டன். ஆய்வாளர் கேத்ரின் நிக்கல்ஸ் 2012 வாக்கில் ஆரம்பித்தது, பிறகு சூ வேலி டகோட்டா சமூகத்தின் திட்டமாக வளர்ந்தது. அங்கே முதலில் கல்லறை எங்கே என்றே தெளிவில்லை. பழைய கடிதங்கள், வரைபடங்கள், முன்னாள் மாணவர்களின் நினைவு எல்லாவற்றையும் வைத்து மூன்று இடங்களைக் குறித்தார்கள். அதில் ஒன்று ஆற்றங்கரையில், விடுமுறைக்குக் கூடாரம் அடிக்கும் தனியார் முகாம் நிலத்துக்குள் இருந்தது. பிறகுதான் கருவிகள் போயின. கல்லறையாக இருக்கக்கூடியவை 104. அடக்கப் பதிவுகளை வைத்து 78 பேருக்கு யார் யார் என்று சொல்ல முடிந்தது. மீதி 26க்கு, எந்த முதல்வர் எந்த வருடம் எந்த வரியில் என்ன எழுதினார் என்று சுருள்களைத் திரும்பவும் சுற்ற வேண்டியிருக்கிறது.